குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று

தோன்ச்சி அந்தத் தாளை அறிவிப்புப் பலகையில் குத்தியபோது யூகோ வீசத் தொடங்கி மூன்று நாளாகியிருந்தது. தெற்கே கடலிலிருந்து வருகிற இந்தக் காற்றை எங்கள் ஊரில் எவனும் பாராட்டிப் பேசியதில்லை. யூகோ அடித்தால் புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேச மாட்டார்கள், மீன்காரி மத்தி மீனைப் பொட்டலம் கட்டாமல் தூக்கிப் போடுவாள், மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை தீர்ந்துபோகும். அந்த ஈரப் புழுக்கம் மனிதனின் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாகசுரம் மாதிரிச் சீவாளி வைத்து ஊதுகிற ஓபோவை வாசிக்கிறவர்களுக்கு இன்னும் ஒரு தொல்லை. அது சீவாளிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நீவெஸ் கார்மெலிச் தாளை இரண்டு தடவை படித்தாள். ஊர் நாடக அரங்கின் இசைக்குழுவில் பத்தொன்பது வருடமாக முதல் ஓபோ அவள்தான். அந்த நாற்காலிக்குத்தான் ஆள் எடுக்கப்போவதாகத் தாள் சொன்னது. புது விதியாம். முதல் நாற்காலிகள் எல்லாம் இனி நான்கு வருடத்துக்கு ஒருமுறை காலியானதாகக் கருதப்படும். உட்கார்ந்திருப்பவரும் மற்றவர்களோடு சேர்ந்து திரைக்குப் பின்னால் நின்று வாசித்துக் காட்ட வேண்டும். பெயர் கிடையாது, எண் மட்டும். ஐந்து பேர் கேட்டு ஓட்டுப் போடுவார்கள். விண்ணப்பிக்கக் குறைந்தது பத்து வருட அனுபவம் வேண்டும்.

“எல்லா நாற்காலியும்னு போட்டுட்டு முதல்ல என் நாற்காலியை மட்டும் ஏன் தூக்குறீங்க?” என்று கேட்டாள்.

“எங்கேயாவது ஆரம்பிக்கணும்ல, ஷோரா நீவெஸ்,” என்றான் தோன்ச்சி. எங்கள் ஊரில் மரியாதைப்பட்ட பெண்கள் எல்லாம் ஷோராதான். இசைக்குழுவின் வருகைப் பதிவு, நாற்காலி, சாவி எல்லாம் அவன் பொறுப்பு. “நான் ஊசி குத்துறவன். எழுதுறவங்க மேல இருக்காங்க.”

“பத்து வருஷம்னு யார் கணக்குப் போட்டது?”

“யூகோ அடிக்குதுல்ல, அதான் எல்லாருக்கும் எல்லாம் தப்பாத் தெரியுது. போய் ஒரு காப்பி குடிங்க.”

அவன் நழுவிவிட்டான். நழுவுகிறவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று நீவெஸ் முடிவுகட்டினாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் நாட்டில் வேலை அறிவிப்பு என்றால், வேலை யாருக்கு என்று முடிவான பிறகு ஒட்டுகிற தாள் என்பது எல்லாருக்கும் தெரியும். நூலகத்துக்குக் காவலாளி வேண்டும் என்று போட்டாலும், ஆள் மூத்த மருமகனா இளைய மருமகனா என்றுதான் ஊரே விசாரிக்கும். ஆகவே நீவெஸ் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இந்தத் தாள் யாருக்காகத் தைத்த சட்டை? அவளுக்குப் பத்தொன்பது வருடம். பதினைந்து என்று போடவில்லை, பன்னிரண்டு என்றும் போடவில்லை. பத்து. அந்தக் கட்டடத்தில் அவளைத் தவிரப் பத்தைத் தாண்டிய ஓபோக்காரன் ஒருவன்தான் இருந்தான். யாக்ஷா தொரோதிச். பக்கத்து நாற்காலி, இரண்டாம் ஓபோ. பதினோரு வருடம்.

அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்க அவளால் முடியாது.

சம்பளத்துக்காக இல்லை. முதல் ஓபோவுக்கும் இரண்டாம் ஓபோவுக்கும் இடையில் இருக்கும் சம்பள வித்தியாசத்தில் மாதம் இரண்டு நாள் மீன் வாங்கலாம், அவ்வளவுதான். அவளுக்கு வேண்டியிருந்தது அந்தச் சுருதி. ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் அரங்கம் அடங்கும், அவள் தனியாக ஒரு ஸ்வரத்தை நீட்டுவாள், அறுபது பேரும் அதில் வந்து சேருவார்கள். முதல் வயலின்காரன் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் அந்த ஒரு நிமிடம் அவள் பக்கம் காதைத் திருப்பித்தான் ஆக வேண்டும். புருஷன் எண்ணெய்க் கப்பலில் வருடத்துக்கு எட்டு மாதம் கடலில். பிள்ளை இல்லை. அந்த ஒரு நிமிடம்தான் தன் சொத்து என்று நீவெஸ் நினைத்திருந்தாள். அதைத் தூக்கிப் பக்கத்து நாற்காலிக்காரனிடம் கொடுத்துவிட்டு, அவன் நீட்டுவதில் போய்ச் சேர வேண்டுமா?

அன்றிலிருந்து அவள் யாக்ஷாவைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். பார்க்கத் தொடங்கினால் கிடைக்காதா என்ன?

முதலில், அவன் பேச்சைக் குறைத்தான். தீவிலிருந்து வந்த பையன், சாதாரணமாக வாய் ஓயாது. அம்மா வளர்க்கிற ஆட்டிலிருந்து படகு எஞ்சின் வரை சொல்லிக்கொண்டே இருப்பான். இப்போது நீவெஸ் வந்து உட்கார்ந்தால் குனிந்து சீவாளிக்கு நூல் சுற்றினான். பிறகு, மேல்மாடிப் பயிற்சி அறையின் சாவியைத் தோன்ச்சி அவனுக்குக் கொடுத்தது தெரிந்தது. பிறகு தேர்வில் வாசிக்க வேண்டிய பகுதிகளின் பட்டியல் வந்தது. அதில் அந்த மெதுவான தனி வாசிப்பு இருந்தது, மாரிக் காலத்தில் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது யாக்ஷா அவளுக்குப் பதிலாக வாசித்து உள்ளூர்ப் பத்திரிகையில் பெயர் வாங்கினானே, அதே தனி. அவளும் அதை முப்பது தடவை வாசித்திருக்கிறாள் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவுக்கு வரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே காப்பி விஷயம்.

சனிக்கிழமை காலை அவள் மீன் சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தாள். கடற்கரைச் சாலையில் எல்லாரும் உட்கார்ந்து எல்லாரையும் பார்க்கிற காப்பிக்கடைகளை எல்லாம் தாண்டி, படகு பழுதுபார்க்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஊர்க்காரன் எவனும் போகாத ஒரு கடை இருக்கிறது. அங்கே மேஸ்ட்ரோ ஸ்லாமிச்சும் யாக்ஷாவும் உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்ட்ரோதான் குழுவை நடத்துகிறவர், ஓட்டுப் போடும் ஐந்து பேருக்கும் தலைவர். அவர் குனிந்து பேசினார். யாக்ஷா கோப்பையைப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு மேஸ்ட்ரோ அவன் தோளைத் தட்டினார். பிறகு காப்பிக்குக் காசு கொடுத்தார்.

மேஸ்ட்ரோ ஸ்லாமிச் காசு கொடுத்ததை இந்த ஊரில் பார்த்தவர்கள் கிடையாது. நீவெஸ் மீன் பையோடு ஒரு படகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். அத்தனை வயதில் படகுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறோமே என்ற வெட்கம் கொஞ்சமும் வரவில்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்ற திருப்திதான் வந்தது.

திங்கட்கிழமை அதை வின்காவிடம் சொன்னாள். வின்கா முதல் புல்லாங்குழல். நீவெஸுக்கு இடது கைப்பக்கம் உட்காருகிறவள். இருபது வருட சிநேகிதி. அவளும் ஐந்து பேரில் ஒருத்தி.

“நீ பார்த்தது காப்பி குடிச்சதை,” என்றாள் வின்கா.

“அவர் காசு கொடுத்தாருடி.”

“சரி, உலகம் அழியப்போகுது போல.”

“விளையாடாதே. அவனுக்குன்னு முடிவு பண்ணிட்டாங்க. உனக்குத் தெரியும். சொல்லு.”

“இதோ பாரு, நான் ஓட்டுப் போடுறவ. உன்கிட்ட இதைப் பத்திப் பேசவே கூடாது. ஒண்ணு மட்டும் சொல்றேன். நீ வழக்கம்போல வா, வழக்கம்போல ஊது, வழக்கம்போல வாசி. உன்னை எங்களுக்குத் தெரியாதா?”

“திரை இருக்கே. எப்படித் தெரியும்?”

“அடி போடி. யூகோ நின்னதும் உனக்கே புத்தி வரும்.”

வின்காவும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று நீவெஸ் அன்றைக்கு முடிவு செய்தாள். சமாதானம் சொல்கிறவள் எதையாவது மறைக்கிறவள். யூகோ புதன்கிழமை நின்றது. மலையிலிருந்து வாடைக்காற்று இறங்கி வானத்தைத் துடைத்துவிட்டது. ஊரே ஒருவரை ஒருவர் மன்னித்து ஐஸ்கிரீம் வாங்கித் தின்றது. நீவெஸுக்குப் புத்தி வரவில்லை.

அவளைக் குடைந்த கேள்வி வேறு. மேஸ்ட்ரோவும் யாக்ஷாவும் பேசி வைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் திரைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் யாக்ஷாதான் என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்? கால் சத்தம் கேட்காமலிருக்கக் கம்பளம் விரிப்பார்கள். பேசக் கூடாது, இருமக்கூடக் கூடாது. எண்ணைக் குலுக்கி எடுத்துத் தோன்ச்சி மட்டும் எழுதி உறையில் ஒட்டுவான்.

வியாழக்கிழமை ஒத்திகையில் விடை அவள் காதிலேயே வந்து விழுந்தது.

ஓபோக்காரர்கள் சீவாளியைக் கருவியில் செருகுவதற்கு முன் அதை மட்டும் தனியாக வாயில் வைத்து ஒரு தடவை ஊதிப் பார்ப்பார்கள். காக்கை கரைகிற மாதிரி ஒரு சத்தம் வரும். சீவாளி இன்று பேசுமா, முரண்டு பிடிக்குமா என்பது அதில் தெரிந்துவிடும். இதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் செய்வார்கள், செய்கிறோம் என்பதே தெரியாமல் செய்வார்கள். நீவெஸ் நீளமாக ஒன்று ஊதி, கடைசியில் அதைச் சின்னதாக மேலே தூக்கி விடுவாள். யாக்ஷா குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. பதினோரு வருடமாக ஒவ்வொரு காலையும் அவள் வலது காதுக்குள் விழுந்த சத்தம். அன்றைக்குத்தான் அவள் அதைக் கேட்டாள்.

கைநாட்டு மாதிரி. திரை என்ன, சுவரே எழுப்பினாலும் இந்தக் குழுவில் இருக்கிறவர்களுக்கு இது யார் என்று தெரிந்துவிடும். இதுதான் அடையாளம். படகுத்துறைக் கடையில் பேசி வைத்தது இதைத்தான்.

முதலில் அவளுக்கு வந்தது கோபம். தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போடலாமா என்று யோசித்தாள். எழுதினால் யார் படிப்பார்கள்? மேஸ்ட்ரோவின் மச்சான். வெள்ளிக்கிழமை சமையலறையில் சீவாளிக்காக நாணலைச் சீவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. வந்த வேகத்தில் கத்தி விரலில் பட்டது.

அவர்கள் குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று என்ற சத்தத்துக்குத்தானே ஓட்டுப் போடப்போகிறார்கள்? அந்தச் சத்தத்தை நான் ஊதினால்?

அவனுக்கு முன்னால் அவள் எண் வந்தால் அவளை அவன் என்று நினைத்துக்கொள்வார்கள். பின்னால் வந்தால் இரண்டு யாக்ஷாவா என்று குழம்புவார்கள். குழம்பினால் வேறு வழியில்லாமல் வாசிப்பைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? எப்படிப் பார்த்தாலும் அவளுக்கு லாபம். நான் யாரையும் ஏமாற்றவில்லை, ஏமாற்றுகிறவர்களைத்தான் ஏமாற்றுகிறேன் என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டாள். அடுப்பு ஒன்றும் சொல்லவில்லை. புருஷன் வீட்டில் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான், அவளும் விட்டிருப்பாள். அவன் எங்கோ நடுக்கடலில் இருந்தான்.

ஒரு வாரம் சமையலறையில் நின்று பழகினாள். அடுத்தவன் பழக்கத்தை வாய்க்குள் கொண்டுவருவது சுலபமில்லை. முதல் இரண்டும் சரியாக வந்தால் மூன்றாவதின் முடிவில் அவளுடைய அந்தத் தூக்கல் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அதை அறுத்து எறிய மூன்று நாள் ஆயிற்று. மேல்வீட்டுக்காரி ஜன்னலைத் திறந்து, “என்ன ஷோரா, வாத்து வாங்கிட்டீங்களா?” என்று கேட்டாள்.

தேர்வு நாள் வந்தது. காலை பத்து மணி. மூன்று பேர்தான் வந்திருந்தார்கள்: வெளியூரான ஒசியெக்கிலிருந்து ஒரு பெண், நீவெஸ், யாக்ஷா. நடைபாதையில் யாக்ஷா சுவரோரம் நின்றான். முகம் வெளுத்துப்போயிருந்தது.

“நல்லா வாசிங்க,” என்றான்.

“நீயும்,” என்றாள் நீவெஸ். அவன் கண்ணைத் திருப்பிக்கொண்டான். பார்த்தாயா, பார்க்க முடியவில்லை என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

தோன்ச்சி தொப்பிக்குள் சீட்டைக் குலுக்கினான். ஒசியெக் பெண்ணுக்கு ஒன்று. நீவெஸுக்கு இரண்டு. யாக்ஷாவுக்கு மூன்று. அவனுக்கு முன்னால். நீவெஸுக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல இருந்தது.

ஒசியெக் பெண் போய் வந்தாள். பிறகு தோன்ச்சி நீவெஸைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பளத்தில் நடந்தாள். மேடையின் குறுக்கே கறுப்புத் திரை. அதற்கு அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள், யாரோ பேனாவை மூடினார்கள். அவள் சீவாளியை உதட்டில் வைத்தாள்.

குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. தூக்கல் இல்லை. யாக்ஷாவே ஊதினாலும் அத்தனை அச்சாக இருந்திருக்காது.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு மூச்சு மட்டும் கேட்டது. ஆள் தெரிந்த மூச்சு. நீவெஸ் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டாள்.

அப்புறம் வாசித்தாள். எப்படி வாசித்தாள் என்று கேட்டால், பத்தொன்பது வருடத்தில் அப்படி வாசித்ததில்லை. வேகமான பகுதிகள் ஒன்றுக்கொன்று இடிக்காமல் ஓடின. அந்த மெதுவான தனியில், மூச்சு தீர்ந்துபோகும் என்று எல்லாரும் பயப்படுகிற நீண்ட வரியை எங்கேயும் உடைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஓபோவில் மூச்சு தீர்வதில்லை, நெஞ்சுக்குள் மிஞ்சிப்போய்த்தான் முட்டும். அன்று அது முட்டவும் இல்லை. சந்தேகமெல்லாம் வெளியே செருப்போடு கிடந்தது. இது என் நாற்காலி என்று அவளுக்குத் தெரிந்தது.

பன்னிரண்டரைக்குத் தோன்ச்சி மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டான். திரையை ஒதுக்கியிருந்தார்கள். மேஸ்ட்ரோவின் முகம் மலர்ந்திருந்தது. கல்யாண வீட்டுக்காரர் மாதிரி உறையைக் கிழித்தார்.

“நாலுக்கு ஒண்ணு. மூணாம் எண்,” என்றார். தாளைப் பிரித்தார். “மூணாம் எண்…”

நிறுத்திவிட்டார். தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்குமோ என்பது போல. வின்கா எட்டித் தாளைப் பார்த்தாள். பிறகு நீவெஸைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அந்த முகத்தில் நீவெஸ் பார்த்ததே இல்லை.

“யாக்ஷா தொரோதிச்,” என்றார் மேஸ்ட்ரோ.

யாக்ஷா வாயைப் பொத்திக்கொண்டான். ஒசியெக் பெண் கை தட்டினாள். நீவெஸும் தட்டினாள். கை தானாகத் தட்டியது.

உடை மாற்றும் அறையில் வின்கா கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

“ஏன்டி அவனை மாதிரி ஊதின?”

நீவெஸ் ஓபோவைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

“கேக்குறேன்ல. ரெண்டாம் எண் நீதானே? ஏன் அப்படி ஊதின?”

“நீங்க அவனுக்குத்தானே வச்சிருந்தீங்க. அந்தச் சத்தத்துக்குத்தானே ஓட்டு?”

வின்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். “உனக்குடி,” என்றாள். “உனக்கு வச்சிருந்தோம். மேஸ்ட்ரோ, நான், மத்த ரெண்டு பேரும். புது விதி வந்ததும் அவர் சொன்னார், முதல்ல நீவெஸ் நாற்காலியை முடிச்சிடுவோம், அவளை யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க, அப்படியே மத்த நாற்காலியும் பழைய ஆளுங்களுக்கே போயிடும்னு. பத்து வருஷம்னு போட்டதே சின்னப் பசங்க வெளியூர்லேருந்து வந்து நிக்கக் கூடாதுன்னுதான். திரைக்குப் பின்னால உன்னை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பேச்சு வந்தப்போ, நான்தான் சொன்னேன். அந்த நீளமான ஒண்ணு, கடைசியில ஒரு தூக்கல். இருபது வருஷமாக் கேக்குறேன். அதை வச்சுக் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுப் போடலாம்னேன்.”

“என்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பியா? எவன் தயவும் எனக்கு வேண்டாம்னு திரையைக் கிழிச்சிருப்ப. அதான் வழக்கம்போல வா, வழக்கம்போல ஊதுன்னு சொன்னேன். அதுக்கு மேல எப்படிடி சொல்றது?”

வெளியே நடைபாதையில் யாக்ஷாவை யாரோ வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணாம் எண் வெளியூர்னு கேட்டதுமே தெரிஞ்சுது. ரெண்டாம் எண் ஊதினதும் யாக்ஷான்னு நாலு பேரும் எழுதிக்கிட்டோம்,” என்றாள் வின்கா. “வாசிப்பைக் கேட்டப்போ எனக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துச்சு. ஆனா அவன் உன் பக்கத்துல பதினோரு வருஷம் உட்கார்ந்தவன், உன்னை மாதிரிதானே வாசிப்பான்னு விட்டுட்டேன். மூணாம் எண் ஊதவே இல்லை. பேசாம வந்து வாசிச்சாங்க. அப்பவும் நம்ம வீட்டுச் சத்தம். சரி, நீவெஸுக்குப் பதட்டம், ஊத மறந்துட்டான்னு நாலு பேரும் மூணுன்னு போட்டோம்.”

“அந்த ஒரு ஓட்டு?”

“தலைநகர் ஸாக்ரெப்லேருந்து வந்தவர். அவருக்கு நம்ம யாரையும் தெரியாது. ரெண்டாம் எண்ணுக்குப் போட்டார். இது என்ன கேள்வி, அந்த வாசிப்புக்குப் பக்கத்துலயே யாரும் வரலையேன்னு எங்களோட சண்டை போட்டார். நாங்க நாலு பேரும் அவரைச் சமாதானப்படுத்தினோம்.”

நீவெஸ் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. வின்கா எழுந்து வந்து அவளைத் தோளோடு பிடித்துக்கொண்டாள். யாரிடம் போய் முறையிடுவது? முறையிட்டால் முதலில் வின்கா மாட்டுவாள், பிறகு மேஸ்ட்ரோ, பிறகு அடுத்தவன் சத்தத்தைத் திருடிய அவளே. வாயை மூடிக்கொண்டிருப்பதைத் தவிர மூவருக்கும் வேறு வழி இருக்கவில்லை.

திங்கட்கிழமை காலை அவள் ஒத்திகைக்குப் போனாள். விடுப்பு எடுத்திருக்கலாம். எடுத்தால் பொறாமையில் எடுத்தாள் என்பார்கள். இரண்டாம் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் மேஸ்ட்ரோவின் மேடையில் பாதி தெரியவில்லை, தூண் மறைத்தது. பதினோரு வருடமாக இந்தத் தூணைப் பற்றி யாக்ஷா ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று தோன்றியது.

யாக்ஷா வந்தான். முதல் நாற்காலியில் உட்காராமல் அவள் முன்னால் குனிந்து நின்றான். கையில் பழுப்புத் தாளில் சுற்றிய பொட்டலம். பிரிஞ்சி இலை வாசம் வந்தது.

“அம்மா கொடுத்தனுப்பினாங்க,” என்றான். “அத்திப்பழ அடை. சனிக்கிழமை ராத்திரியே எல்லாத்தையும் அவங்ககிட்டச் சொல்லிட்டேன். அழுதுட்டாங்க.”

“என்னத்தைச் சொன்னே?”

அவன் சுற்றிலும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “எனக்குத் தெரியும். நான் கதவுக்கு வெளியில நின்னுட்டிருந்தேன். நீங்க உள்ளே போய் என்னை மாதிரி ஊதுனீங்க. கேட்டேன்.”

நீவெஸ் பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்தாள்.

“அறிவிப்பு வந்ததுமே மேஸ்ட்ரோ என்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்,” என்றான். “மூணு பேராவது நின்னாதான் தேர்வு செல்லுமாம். நீ சும்மா வந்து நில்லு, இது நீவெஸுக்குன்னு முடிவாகிடுச்சு, மனசுல எதுவும் வச்சுக்காதேன்னு. அப்புறம் கூப்பிட்டுக் காப்பியும் வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஒரே அவமானம். அன்னையிலேர்ந்து உங்க முகத்தையே பார்க்க முடியலை. உங்களுக்கும் இதுல பங்கு இருக்குமோன்னுகூட நினைச்சேன். மன்னிச்சுக்குங்க. கதவுக்குப் பின்னால உங்க சத்தத்தைக் கேட்டப்புறம்தான் புரிஞ்சது. நீங்கதான்னு அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு அப்படி ஊதி, இப்படி ஒரு ஜெயிப்பு எனக்கு வேண்டாம்னு தூக்கி என்கிட்டக் கொடுத்துட்டீங்க. சீவாளியை ஊதிப் பார்க்கக்கூட மறந்துபோச்சு. அப்படியே போய் வாசிச்சேன்.”

“யாக்ஷா…”

“யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.”

இல்லை, நான் உன்னைத் திருடன் என்று நினைத்தேன், உன் ஓட்டைத் திருடத்தான் போனேன் என்று சொல்லிவிட அவள் வாயைத் திறந்தாள். அத்தனை வெட்கமாக அவளுக்கு எப்போதும் இருந்ததில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. அதையும் அவன் தப்பாகவே புரிந்துகொண்டு, அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

தோன்ச்சி மேடையிலிருந்து கை தட்டினான். குழு அடங்கியது. யாக்ஷா முதல் நாற்காலியில் உட்கார்ந்து சீவாளியை உதட்டில் வைத்தான். குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. இடது பக்கத்திலிருந்து வின்கா திரும்பி நீவெஸைப் பார்த்தாள், உடனே குனிந்துகொண்டாள்.

“சுருதி கொடுக்கட்டுமா?” என்று யாக்ஷா அவளிடம் மெதுவாகக் கேட்டான்.

“கொடு,” என்றாள் நீவெஸ்.

அவன் கொடுத்தான். சுத்தமான, அசையாத சுருதி. அறுபது பேரும் அதில் வந்து சேர்ந்தார்கள். நீவெஸுடையது ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது. அத்திப்பழப் பொட்டலத்தை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, சீவாளியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, அவன் சுருதிக்குச் சேர்ந்துகொண்டாள்.